குலுங்காத பேணி

வள்ளிநாயகி கடைக்குள் கால் வைத்தால் கடைக்காரர் ஒரு தடவை தராசைப் பார்ப்பார், ஒரு தடவை மேலே பார்ப்பார். திருகோணமலைக் கடைத்தெருவில் அவளோடு விலை பேசி வென்ற ஆள் இல்லை. மீன் வாங்க அவள் விடியற்காலையில் போகவே மாட்டாள். வெயில் ஏறி, மீன்காரருக்கு வீட்டுக்குப் போகிற அவசரம் வந்த பிறகுதான் கூடையைத் தூக்குவாள். புடவைக்கடையில் கடைசித் துண்டு, பேக்கரியில் உடைந்த விசுக்கோத்து, மளிகைக்கடையில் சாக்கின் அடியில் கிடக்கிற பயறு எல்லாம் அவளைக் கண்டதும் தாமாகவே மலிந்துவிடும். அவளைக் கஞ்சப்பிசினாறி என்று கேலி செய்யாத பெண் எங்கள் ஒழுங்கையில் இல்லை. அவள் கடைக்குக் கிளம்பினால் பின்னாலே போகாத பெண்ணும் இல்லை.

அவளுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. "எது வேணுமோ அதைத் திரும்பியும் பாக்கப்படாது. எங்கட தேவை என்னெண்டு கடைக்காரனுக்குத் தெரிஞ்சால் விலை ஏறிப்போடும்" என்பாள். பருப்பு வேண்டுமென்றால் செத்தல் மிளகாயை விலை கேட்பாள், புளியை நுள்ளி மணந்து பார்ப்பாள், தேங்காய் ஒவ்வொன்றையும் காதோரம் பிடித்துக் குலுக்குவாள். தேங்காய் விஷயத்தில் அவளை ஏமாற்ற யாராலும் முடியாது. தண்ணீர் சலசலவென்று சத்தம் போட்டால் எடுப்பாள், சத்தமில்லாவிட்டால் தள்ளிவிடுவாள். கடைசியில் போகிற போக்கில், "உந்தப் பருப்பு என்ன, வண்டு விழுந்ததோ?" என்று கேட்டு, வேண்டா வெறுப்பாக வாங்குகிறவள்போல அரைவிலைக்கு வாங்கிக்கொண்டு வருவாள். தகரப் பேணியில் அடைத்து வருகிற சாமான்களை மட்டும் அவள் தொட்டதேயில்லை. "தகரத்துக்கும் சேர்த்துக் காசு குடுக்கிறதோ? எனக்கென்ன விசரே?"

உலகச் சண்டை நடந்த அந்த வருடம் சித்திரை பிறப்பதற்கு முன்பே யப்பான்காரன் வந்து துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டுப் போனான். எண்ணெய்த் தாங்கி எரிந்த புகையில் பகலும் இருட்டாகக் கிடந்தது. வள்ளியின் தங்கை இராசமலரின் புருஷன் அன்று காலையில் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவன். பிறகு அவனுடைய சால்வைகூடக் கிடைக்கவில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருந்த இராசமலர் ஆனி மாதம் பெற்றாள். பெற்ற மறுநாளே அவளும் போய்ச் சேர்ந்தாள். பிள்ளை மட்டும் தப்பியது. ஆண்பிள்ளை. கோணாமலை என்று பேர் வைத்தார்கள். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற உடம்புக்கு மலை என்று பேர்! வள்ளி அவனைக் குஞ்சு என்றுதான் கூப்பிட்டாள்.

கலியாணமாகி வெகுகாலமாகியும் வள்ளிக்குப் பிள்ளை இல்லை. கோயில் கோயிலாக நேர்ந்தும் கிடைக்காதது தங்கையின் சாவோடு வந்து சேர்ந்தது. இதற்காகச் சந்தோசப்படுவதா, அழுவதா என்று தெரியாமல் அவள் இரண்டையும் செய்தாள். முதலில் பக்கத்து வளவுக் கமலேஸ்வரி தன் பிள்ளைக்குக் கொடுத்த முலையில் குஞ்சுக்கும் கொடுத்தாள். ஆவணியில் மறுபடி குண்டு விழப்போகிறதென்று கதை பரவியது. கமலேஸ்வரியின் புருஷன் குடும்பத்தை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். பால்காரன் அதற்கு முன்பே மாடுகளைத் தோப்பூர்ப் பக்கம் சாய்த்துக்கொண்டு போயிருந்தான். வள்ளியும் போயிருக்கலாம். ஆனால் அவளுடைய புருஷன் குலசிங்கத்துக்குத் துறைமுகத்தில் சுமை இறக்கும் வேலை. வேலையை விட்டால் அடுப்பு எரியாது.

பிறகு கஞ்சித்தண்ணிதான். சவ்வரிசி கிடைத்தால் சவ்வரிசி, இல்லாவிட்டால் அரிசி வடித்த தண்ணீர். பிள்ளைக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. தொடை மெலிந்து தோல் சுருங்கி, முகம் கிழவன் முகமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த அப்போத்திக்கரி ஐயா தாதியைக் கூப்பிட்டுப் போத்தலில் கொஞ்சம் பால் கரைத்துக் கொடுக்கச் சொன்னார். பிள்ளை அதை மூச்சுவிடாமல் குடித்தது. அன்று முழுக்க வாந்தியில்லை, அழுகையில்லை.

"பால்பேணிதான் வேணும்" என்றார் அவர். "இஞ்சை இருந்தது முடிஞ்சுது. எங்கையாவது தேடி எடும். பால் இல்லாமல் இந்தப் பிள்ளை இந்தக் கிழமையைத் தாண்டாது."

வள்ளி தேடினாள். எந்தக் கடையிலும் இல்லை. கள்ளமாக விற்ற ஒருவன் சொன்ன விலைக்குக் குலசிங்கத்தின் ஒரு மாதச் சம்பளம் காணாது. அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக விலையைக் கேட்டுவிட்டுப் பேரம் பேசாமல் திரும்பினாள்.

அந்த நேரத்தில்தான் முஹம்மது தம்பியின் கடையில் மலிவு விற்பனை என்ற செய்தி வந்தது. கடலில் நனைந்த கப்பல் சரக்கு ஏலத்தில் வந்ததாம். எல்லாம் தகரப் பேணிகள். உப்புத் தண்ணீரில் ஊறி மேலே ஒட்டியிருந்த கடதாசி எல்லாம் கழன்றுபோய்விட்டது. எதற்குள் என்ன இருக்கிறதென்று விற்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. அதனால்தான் மலிவு. பால் இருக்கும், மீன் இருக்கும், மரக்கறி இருக்கும், மாட்டிறைச்சியும் இருக்கும் என்றார்கள்.

வள்ளி கழுத்தில் கிடந்த தாலிக்கொடியைத் தவிர மிச்சமிருந்த ஒரே நகையான தோட்டை அடகு வைத்தாள். வாசலில் குலசிங்கம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான்.

"இஞ்சேர், நேரா முஹம்மது தம்பியிட்டைக் கேளன். பிள்ளைக்குப் பால் வேணுமெண்டு சொல்லு. நல்ல மனுசன்."

"உங்களுக்கு யாவாரம் தெரியாது. வாயைத் திறந்தால் அந்தாள் விலையை ஏத்திப்போடும். உள்ள காசுக்கு ஒண்டுதான் வரும். நான் சாக்கு நிரம்பக் கொண்டு வாறன், பாருங்கோ."

கடைக்கு முன்னால் படங்கு விரித்துப் பேணிகளைக் குவித்திருந்தார்கள். நிலாவெளியிலிருந்தும் சனம் வந்திருந்தது. முஹம்மது தம்பி கதிரையில் இருந்து பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார்.

"குலுக்கிப் பாக்கலாம், மணந்து பாக்கலாம். உடைச்சுப் பாக்க ஏலாது. எடுத்தா எடுத்ததுதான், திருப்பிக் கொண்டு வரப்படாது" என்று வருகிற எல்லோருக்கும் சொன்னார். வள்ளியைக் கண்டதும் விசிறி நின்றது. "வாங்க தங்கச்சி. என்ன தேடுறீங்க?"

"ஒண்டுமில்லைக் காக்கா. சும்மா பாத்திட்டுப் போவமெண்டு வந்தனான்."

அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்தது. ஆனால் அப்போது அது அவளுக்குத் தெரியாது. குந்தியிருந்து பேணிகளை ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக் குலுக்கினாள். ஆஸ்பத்திரிப் போத்தலில் பால் தண்ணீர்போலத்தானே ஆடியது? அப்படியென்றால் பால்பேணியும் சலசலக்கத்தான் வேண்டும். சத்தமில்லாமல் கல்லுப்போலக் கனக்கிறவை? நினைத்தபோதே கை கூசியது. அது மாட்டிறைச்சிதான். சிவசிவா! நல்லதாகச் சத்தம் போட்ட, கன்னம் உப்பினமாதிரிப் பருத்த பேணிகளைத் தேடித் தேடித் தன் பக்கம் சேர்த்தாள். வற்றிய தேங்காய் சத்தம் போடாது, நிறைந்ததுதான் போடும் என்பது அவளுக்கு எழுத்தில்லாத பாடம்.

ஆனால் முஹம்மது தம்பியும் யாவாரிதான். பொறுக்கி எடுத்தால் ஒரு விலை, பார்க்காமல் சாக்கோடு எடுத்தால் அரைவிலை என்றார். வள்ளி பொறுக்கினதை விட்டுவிட்டு, அதற்கும் கீழே விலையை இறக்கி ஒரு சாக்கை எடுத்தாள். சாக்கில் பாதி குலுங்கியது, பாதி குலுங்கவில்லை. குலுங்காததை என்ன செய்வதென்று யோசித்தபோது பக்கத்தில் மதலேனாள் நின்றாள். மாதா கோயிலடியில் தேத்தண்ணிக் கடை வைத்துக் கப்பல்காரருக்குப் பலகாரம் விற்கிறவள் அவள். அவளும் ஒரு சாக்கு எடுத்திருந்தாள்.

"மதலேனாள், இஞ்சை பாரும். நல்ல கனமான பேணி. உள்ளுக்கை இறைச்சி. எங்கட வீட்டிலை தொடமாட்டம். உங்களுக்கு உதவும்."

மதலேனாள் ஒன்றை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். அவளும் சத்தத்தைக் கேட்டாள், அதாவது சத்தமில்லாததைக் கேட்டாள். "என்னட்டை இருக்கிற குலுங்கிறதுகளைத் தரவோ அக்கா?"

"மூண்டுக்கு இரண்டு தாரும், போதும்."

"உங்களுக்கு என்னத்துக்கு அக்கா இவ்வளவு?"

'பிள்ளைக்கு' என்ற சொல் வள்ளியின் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் மூன்றுக்கு ஒன்றுதான் கிடைக்கும். "வீட்டிலை கிடக்கட்டுமெண்டுதான்" என்றாள். மாற்று நடந்தது. தலையில் சாக்கை வைத்துக்கொண்டு திரும்பிய வள்ளி எங்கள் ஒழுங்கையில் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். திருவிழாவுக்குப் போகிறவள்கூட அப்படி நடக்கமாட்டாள்.

குசினிக்குள் குலசிங்கம் கத்தியை வைத்து ஓங்கி அடித்து முதல் பேணியைத் திறந்தான். கறுத்த தண்ணீர் சீறிக்கொண்டு வந்து அவன் முகத்தில் அடித்தது. வீடு முழுக்க நாற்றம். அடுத்ததில் சிவப்பாக ஏதோ கிழங்கு, அழுகிக் குழைந்திருந்தது. அதற்கடுத்ததில் மீனாக இருந்த ஒன்று. கன்னம் உப்பியிருந்ததெல்லாம் கெட்டு உப்பியது; சலசலத்ததெல்லாம் உள்ளே புகுந்த கடல். வள்ளி ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தாள். "அடுத்ததைத் திறவுங்கோ" என்றாள். பிள்ளை பாயில் கிடந்து சத்தமில்லாமல் வாயைத் திறந்து மூடியது. அழுவதற்கு அதற்குப் பலமில்லை.

ஒன்றில் மட்டும் வெள்ளையாகத் தண்ணீர் இருந்தது. "பால்!" என்று கத்தினாள் வள்ளி. ஒரு சிரட்டையில் ஊற்றி, பிள்ளையின் வாய்க்கருகே கொண்டு போனவள் ஏனோ நின்று, தன் நாக்கில் ஒரு துளி விட்டாள். உருளைக்கிழங்கு கரைந்த உப்புத் தண்ணீர். சிரட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் தலையை முட்டினாள். குலசிங்கம் எழும்பி அவளைப் பிடித்துக்கொண்டான். அவன் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவள் பிறகு சொன்னாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து மதலேனாள் நல்ல சீலையோடு அவர்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் வாழையிலையில் சுற்றின ஏதோ இருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"வள்ளியக்கா, உங்கட கைராசியைப் பாருங்கோ! நீங்கள் தந்ததிலை ஒண்டிலையும் இறைச்சியில்லை. எல்லாம் பால்! கட்டிப்பால்! அதுதான் குலுங்கேல்லை. இரவிரவாக் காய்ச்சிப் பால்ரொபி போட்டு விடிய வித்தன். கப்பல்காரர் அடிபட்டு வாங்கினவங்கள். உங்களுக்கு ரெண்டு துண்டு கொண்டு வந்தனான்."

அவள் இலையை விரித்தாள். பழுப்பு நிறத்தில், நெய் மினுங்க, இரண்டு சதுர இனிப்புத் துண்டுகள். வள்ளி அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். மதலேனாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். பாயில் கிடந்த பிள்ளையைக் கண்டாள், மூலையில் குவிந்துகிடந்த வெற்றுப் பேணிகளையும் கண்டாள். அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"அக்கா... பிள்ளைக்கோ தேடினீங்கள்? ஏன் என்னட்டைச் சொல்லேல்லை? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் சும்மா தந்திருப்பனே! மாதாவே!"

மதலேனாள் இலையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். அவளுடைய கடையில் ஒரு பேணி பாதி மிச்சமிருந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, செருப்பில்லாமல், வியர்த்து வழிய ஓடி வந்தாள். குலசிங்கம் சுடுதண்ணீர் வைத்தான். வள்ளி பாலைக் கரைத்துத் துணித் திரியில் தோய்த்துப் பிள்ளையின் உதட்டில் வைத்தாள்.

முதல் துளியைப் பிள்ளை விழுங்கியது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். இரண்டாவது துளி வாயோரத்தால் வழிந்து கழுத்து மடிப்பில் தங்கியது. மூன்றாவதும் வழிந்தது. "குடி ராசா, குடி. இனிக்குதல்லோ? நல்ல பால். குடியன்" என்று வள்ளி கெஞ்சினாள். சந்தையில் யாரிடமும் கெஞ்சாதவள் அந்தச் சின்ன வாயிடம் கெஞ்சினாள். வெயில் முற்றத்தைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்தது.

பால்குடிப் பிள்ளைக்குப் பாடையில்லை, பறையில்லை. குலசிங்கம் வெள்ளைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தான். முஹம்மது தம்பி செய்தி கேட்டுக் கடையைப் பூட்டிவிட்டு வந்து படலைக்கு வெளியே தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "என்னட்டைக் கேட்டிருக்கலாமே தங்கச்சி" என்று அவரும் அதையேதான் சொன்னார். அதற்குப் பிறகு ஊரில் எல்லோரும் அதையே சொன்னார்கள். அந்தச் சொல்லைத் தாங்கிக்கொண்டு அவள் எப்படி இருந்தாளென்று எனக்குத் தெரியவில்லை.

புதைத்த மறுநாள் குழிமேட்டில் பால் தெளிக்க வேண்டும், அது வழக்கம். ஊரில் பசும்பாலுக்கு எங்கே போவது? வீட்டில் அந்தப் பாதிப் பேணி இருந்தது. வள்ளி அதைக் கொண்டு போனாள். செம்பில் கரைத்து, முழம்கூட நீளமில்லாத அந்த மேட்டின் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் மெல்ல மெல்ல ஊற்றினாள். மணல் ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்காமல் உடனே குடித்தது.

"போதும் வள்ளி, வா" என்றான் குலசிங்கம்.

பேணியின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. வள்ளி விரலை விட்டு வழித்தாள். தகரம் விரலைக் கிழித்தது. அவள் பொருட்படுத்தவில்லை. கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பேணியைக் காதோரம் வைத்து நன்றாகக் குலுக்கி அலசினாள். அலசின தண்ணீரையும் பிள்ளைக்கே ஊற்றினாள்.