சிவப்புக் கட்டை

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. ஆம்பூரைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஒரு ஷூ கம்பெனியின் மூன்றாம் தையல் லைனில், காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் இடையே ஹெலன் பதினோரு முறை கழிப்பறைக்குப் போனதாகப் பதிவேட்டில் இருக்கிறது.

ஒவ்வொரு லைனுக்கும் ஒரு மரக்கட்டை உண்டு. ஷூவைக் கால் வடிவத்துக்கு இழுத்து ஒட்ட ஒரு காலத்தில் பயன்பட்ட அச்சுக்கட்டை. சிவப்புப் பெயின்ட் அடித்து சூப்பர்வைசர் மேஜையில் வைத்திருப்பார்கள். கழிப்பறைக்குப் போகிறவள் நோட்டில் எழுதிவிட்டு அதைக் கையில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அவள் திரும்பி வந்து கட்டையை வைத்தால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். நாற்பத்திரண்டு பெண்களுக்கு ஒரு கட்டை. இதைக் கண்டுபிடித்தவர் எச்.ஆர். மேனேஜர் பிரேம்நாத். முப்பத்தொரு வயது. சென்னையில் எம்.பி.ஏ. முடித்தவர். படிப்பு வீண்போகவில்லை.

ஹெலனுக்கு நாற்பத்தாறு. ஷூவின் முகப்பில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு இரட்டைத் தையல் ஓட்டுவதில் அந்தக் கட்டடத்தில் அவளுக்கு நிகரில்லை. ஆனால் மூன்று வருடமாக மூத்திரப்பை அவள் பேச்சைக் கேட்பதில்லை. முட்டிக்கொண்டு வந்தால் இரண்டு நிமிடம் தாங்கும். அதற்குள் கட்டை கையில் கிடைக்காவிட்டால் துணி நனையும். குடித்தால்தானே வரும் என்று காலை டீக்குப் பிறகு அவள் சொட்டுத் தண்ணீர் தொடுவதில்லை. லைனில் எல்லோருக்கும் அதே வழக்கம். மெஷின் பக்கத்தில் தண்ணீர் பாட்டில்கள் அழகுக்கு நின்றன.

"கட்டை இன்னிக்கு உன்கூட வாணியம்பாடி வரைக்கும் நடந்துட்டு வந்துட்டுதுக்கா" என்றாள் பக்கத்து மெஷின் குர்ஷித்.

அந்த வாரம்தான் சாம்பிள் ரூமில் ஓர் இடம் காலியானது. ஷூ வாங்கும் வெளிநாட்டு பையருக்கு ஒப்புதலுக்காக அனுப்பும் முதல் ஜோடியை அங்கேதான் தைப்பார்கள். ஆறு பேர் வேலை செய்கிற அறை, ஒட்டினாற்போல் அவர்களுக்கென்று ஒரு கழிப்பறை, கட்டை கிடையாது. ஏ.சி., ஜன்னல், மரியாதை என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். ஹெலனுக்கு வேண்டியிருந்தது அந்தக் கழிப்பறைக் கதவு.

பிரேம்நாத் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு கம்ப்யூட்டரில் நோட்டுக் கணக்கை வரைபடமாகக் காட்டினார். மற்றவர்களுடைய கோடுகள் புல் மாதிரி இருந்தன, அவளுடையது பனைமரம். கழிப்பறை என்ற சொல்லை அவர் வாயால் சொல்லவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை.

"அந்த இஷ்யூவுக்கு மாத்திரை இருக்கும்மா. டாக்டர்ட்ட பேசிட்டேன். மொதல்ல கிராஃபை கம்மி பண்ணு. அப்புறம் சாம்பிள் ரூம் பார்க்கலாம்."

கம்பெனிக்கு டாக்டர் புதன்கிழமைகளில் வருவார். மூன்று நிமிடம் பேசினார். அதில் ஒரு நிமிடம் போனில். ஆக்சிபியூட்டினின், நாளைக்கு மூன்று வேளை என்று எழுதினார். கண்ணில் ஏதாவது கோளாறு உண்டா என்று கேட்கவில்லை. என்ன வேலை செய்கிறாய் என்றும் கேட்கவில்லை. ஷூ கம்பெனிக்குள் உட்கார்ந்துகொண்டு அதை எதற்குக் கேட்பது என்று நினைத்திருக்கலாம்.

மாத்திரை வேலை செய்தது. பதினொன்று இரண்டே வாரத்தில் நாலாகக் குறைந்தது. பிரேம்நாத் வரைபடத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கீழே கைதட்டும் பொம்மை ஒன்றையும் வைத்தார். பெயர் போடவில்லை, லைன் நம்பரும் மெஷின் நம்பரும் போட்டிருந்தார். பெண்கள் சிரித்தார்கள், ஹெலனைப் பார்த்து அல்ல.

ஆனால் வாய் வெயிலில் காயப்போட்ட தோல் மாதிரி ஆனது. வயிறு மூன்று நாளைக்கு ஒரு முறைதான் இறங்கியது. அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பிறகு கண் மங்கியது. தூரத்துக் கடிகாரம் தெரிந்தது, ஊசிமுனை தெரியவில்லை. இரண்டு தையலும் ஒன்றாகக் கலங்கின. மார்ச் 30 அன்று அவள் தைத்த முகப்புகளில் ஒன்பது செக்கிங்கில் தேறாமல் திரும்பி வந்தன. அவள் கையிலிருந்து ஒரே நாளில் இரண்டுக்கு மேல் திரும்பியதாக யாருக்கும் நினைவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு வேலூருக்குப் பஸ் ஏறினாள். அங்கே ஒரு பெண் டாக்டர் அரை மணி நேரம் கேள்வி கேட்டார். மூத்திரம் பரிசோதித்தார், சர்க்கரை பார்த்தார். என்ன குடிக்கிறாள், எப்போது போகிறாள் என்று மூன்று நாள் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். இரண்டாம் முறை போனபோது அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்காமல் இருந்தால் மூத்திரம் கெட்டியாகி இன்னும் உறுத்தும் என்றார். டீயைக் குறைக்கவும், அவசரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போட்டுப் பழகவும் சொன்னார். அவள் வேலையைக் கேட்டதும் பழைய மாத்திரையை நிறுத்தச் சொன்னார். வாயைக் காயவைத்ததும் கண்ணை மங்கவைத்ததும் அதுதான். பி.பி. பார்த்துவிட்டு மிராபெக்ரான் என்ற வேறொன்றை எழுதினார். அது கண்ணை அப்படிப் படுத்தாது, ஆனால் முழுப் பலன் தெரியச் சில வாரம் ஆகும் என்றார்.

சாம்பிள் ரூம் தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

ஒரு மாதம் தள்ளிவைக்க முடியுமா என்று பிரேம்நாத்திடம் கேட்டாள். அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. இந்த முறை இரண்டு மணி நேரம் யாரும் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று விதி போட்டிருப்பதாகவும், கவனத்துக்கும் அதில் மார்க் உண்டு என்றும் சொன்னார்.

"அதான் மாத்திரை குடுத்தோம்ல? அன்னிக்கு ஒரு நாள் அதையே போட்டுட்டு வாயேன்."

பழைய மாத்திரையில் ஆறு அவள் பையில் மீதி இருந்தன. ஏப்ரல் 12, புதன்கிழமை காலை வீட்டில் அவற்றை எடுத்துப் பார்த்தாள். போட்டுக்கொண்டால் எழுந்திருக்க வேண்டியதில்லை, ஆனால் தைக்க முடியாது. போடாவிட்டால் தைக்கலாம், உட்கார முடியாது. அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தாள்.

தேர்வுக்கு மூன்று பேர். லைனுக்கு நடுவில் தனி மெஷின்கள் போட்டிருந்தார்கள். சாம்பிள் மாஸ்டர் அப்துல் வஹீத் ஒரு பக்கம் நின்றார். பிரேம்நாத் லேப்டாப்போடும் சிவப்புக் கட்டையோடும் இன்னொரு பக்கம் உட்கார்ந்திருந்தார். நாற்பது நிமிடம் ஹெலனின் ஊசி கோடு கிழித்த மாதிரி ஓடியது. பிறகு வந்தது. டாக்டர் சொன்னபடி மூச்சை மெல்ல விட்டு, கீழே இறுக்கி, பத்து நிமிடம் தள்ளினாள். அதற்கு மேல் முடியவில்லை. ஊசியைத் தோலில் இறக்கி நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"ஹெலன், ரூல் தெரியும்ல?" என்றார் பிரேம்நாத்.

"தையல் கண்ணால போடறது சார். மூத்திரப்பையால இல்ல."

லைன் முழுக்க மெஷின்கள் ஒரு கணம் நின்றன. பிரேம்நாத்தின் காதுகள் சிவந்தன. அவள் விதியை மீறியது அவரை உறுத்தவில்லை. அந்தச் சொல்லைச் சபையில் கேட்டதுதான் உறுத்தியது. ஹெலன் கட்டையை எடுத்துக்கொண்டு போனாள். ஆறு நிமிடத்தில் திரும்பி வந்து அதை அவருடைய லேப்டாப் மேல் வைத்தாள். நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே அவள் ஜோடி தயாராகிவிட்டது.

அப்துல் வஹீத் மூன்று ஜோடிகளையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார். ஹெலனுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கட்டைவிரலால் தடவினார்.

"இதுக்கு மேல இன்னா சாம்பிள் தைக்கப்போறோம்? இதையே அனுப்பிடலாம் சார்."

பிரேம்நாத் தலையாட்டினார். பிறகு விதிகள் இருந்த தாளை எடுத்து, ஹெலன் பெயருக்கு நேரே பெருக்கல் குறி போட்டார்.

ஏப்ரல் 17, திங்கட்கிழமை, சாம்பிள் ரூம் இடம் தேர்வெழுதிய மூவரில் ஒருத்தியான ஹீனாவுக்குப் போனது. அவள் இரண்டு மணி நேரமும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அவள் தண்ணீர் குடித்திருக்கவில்லை. ஹெலனின் ஜோடி ஜெர்மனிக்குப் போனது. மே இரண்டாம் வாரம் ஒப்புதல் வந்தது. ஆர்டரை மூன்றாம் லைனுக்குக் கொடுத்தார்கள். முகப்புத் தையலை ஹெலன் ஓட்டுகிறாள். புது மாத்திரையில் இப்போது நாளைக்கு ஐந்து முறை போகிறாள். லைனுக்குக் கட்டை ஒன்றுதான்.