கடைசி அகப்பைக் கஞ்சி

உஸ்மான் கனிக்கு ஒரு கொள்கை இருந்தது. அதுதான் கடைசியில் எல்லாரையும் கவிழ்த்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் கதவுக்குத் தகடு அடிக்கும் ஒரு கம்பெனி. சங்கம் ஆரம்பித்த குற்றத்துக்காக அங்கே ஏழு பேரை வேலையை விட்டுத் தூக்கினார்கள். அந்த ஏழு பேரையும் திரும்ப எடுக்கிறவரைக்கும் உள்ளே கால் வைப்பதில்லை என்று மற்றவர்கள் மொத்தமாக வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கனிதான் சங்கத் தலைவர். கேட்டுக்கு எதிரே தார்ப்பாய்ப் பந்தல், பந்தலுக்குப் பின்னால் கஞ்சித்தொட்டி. கஞ்சித்தொட்டி இல்லாத வேலைநிறுத்தம் உண்டா? வீட்டில் உலை வைக்க வழியில்லாதவர்களும் அங்கே வயிற்றை நனைத்துக்கொண்டு போராட்டத்தில் நிற்கலாம். கனியின் கொள்கை இதுதான்: பந்தலில் கடைசி ஆள் குடித்து எழுந்த பிறகுதான் தலைவன் தட்டைத் தொட வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முதல் நாள் கூட்டத்தில் அதைச் சொன்னபோது கைதட்டலும் விழுந்தது. ஆனால் கனிக்குச் சர்க்கரை வியாதி. வேளாவேளைக்குச் சாப்பிடாமல் பந்தலிலேயே கிடந்ததில் அது ஏறிப்போய், மாத்திரையில் இருந்தவரை டாக்டர் இன்சுலின் ஊசிக்கு மாற்றிவிட்டார். ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும், தள்ளிப்போட்டால் சர்க்கரை தாறுமாறாக இறங்கும், ஆளே மாறிப்போவீர்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

இந்த விஷயம் கனியின் மனைவி மஹீராவைத் தவிர யாருக்கும் தெரியாது. தலைவனுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் ஆட்கள் சோர்ந்துபோவார்கள், கம்பெனிக்காரன் இன்னும் இழுத்தடிப்பான் என்பது கனியின் கணக்கு. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று மஹீரா எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். செவிடன் காதில் சங்கு ஊதியதுதான் மிச்சம்.

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் பேச்சுவார்த்தைக்கு வரச்சொல்லிக் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. ஏழு பேரையும் எடுத்துக்கொள்ளத் தயார், பேருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் மட்டும் கொடுத்தால் போதும் என்று உள்ளே பேச்சு அடிபடுவதாகத் துணைத் தலைவர் தங்கராஜுக்கு முன்பே காதில் விழுந்திருந்தது. அந்த ஏழு பேரும் அதற்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள். "கடுதாசிதான, எய்தித் தந்துட்லாம். வவுத்துக்கு முன்னாடி மானம் இன்னா?" என்று அவர்களில் ஒருத்தியான முனியம்மாவே சொல்லிவிட்டாள்.

பூந்தமல்லி வீட்டில் கனி ஊசியைப் போட்டுக்கொண்டு தட்டின் முன்னால் உட்கார்ந்தார். அப்போதுதான் தங்கராஜ் போன் செய்தார்.

"பாய், சீக்கிரம் வா. பந்தல பிரிக்கச் சொல்லி போலீஸ் வந்துகீது."

கனி எழுந்துவிட்டார்.

"ஊசி போட்டாச்சுங்க," என்றாள் மஹீரா. "ரெண்டு வாய் துன்னுட்டு போங்க."

"அங்க போயி கஞ்சி குடிச்சிக்கிறேன்."

"அங்க நீங்க எப்பங்க குடிச்சிருக்கீங்க?"

கனி வண்டியை எடுத்தார். மஹீரா டப்பாவில் இடியாப்பத்தை அடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வருவதற்குள் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது.

போலீஸிடம் பேசி, சமாதானம் செய்து அனுப்பவே வெகுநேரம் ஆயிற்று. மழையில் அடுப்பு நனைந்து கஞ்சியும் தாமதம். அதோடு அன்றைக்குப் பார்த்துப் பக்கத்துக் கம்பெனிகளிலிருந்து ஆதரவு சொல்ல வந்த கூட்டம் வேறு. முனியம்மாதான் அகப்பையைப் பிடித்திருந்தாள். எல்லாரும் குடித்து முடித்தபோது அண்டாவின் அடியில் ஒரே ஒரு அகப்பை மிச்சம் இருந்தது.

"இது உனக்குத்தான் பாய். புடி."

கனி தட்டை நீட்டினார். அந்த நேரம் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து பந்தலுக்கு வரும் தொழிலாளி முனியன் சொட்டச்சொட்ட நனைந்தபடி வந்து சேர்ந்தான். கனி தட்டை அவன் பக்கம் திருப்பிவிட்டார். முனியம்மா முகத்தைச் சுளித்தாள். சுற்றியிருந்தவர்கள் தலைவரைப் பெருமையாகப் பார்த்தார்கள், அந்தப் பார்வையில் கனிக்கும் கொஞ்சம் வயிறு நிறைந்தது. சும்மா சொல்லக்கூடாது, பட்டினிக்கும் ஒரு போதை உண்டு.

உள்ளே கம்பெனியின் பேச்சுவார்த்தை அறையில் ஏசி குளிர் எலும்பைத் துளைத்தது. மேஜையில் டீயும், தட்டு நிறைய கிரீம் பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். வேலைநிறுத்தம் நடக்கிறபோது முதலாளி வீட்டுத் தண்ணீரைக்கூடத் தொடக் கூடாது என்பது சங்கங்களில் பழைய வழக்கம். கனி அதில் இன்னும் கறார். தங்கராஜ் ஒரு பிஸ்கட்டை ஆசையாகப் பார்த்ததற்கே முறைத்தார்.

மேனேஜர் ஜெகதீஷ் நிதானமாகத்தான் ஆரம்பித்தார். கனிக்கு நெற்றியில் வியர்த்தது. அந்தக் குளிரிலும் சட்டை முதுகோடு ஒட்டியது. உதடு மரத்துப்போயிற்று. எதிரே இருந்தவரின் வாய் அசைந்தது, சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. இது அதுதான், டாக்டர் சொன்னது இதுதான் என்று மூளையின் ஏதோ ஒரு மூலையில் ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. கைக்கெட்டும் தூரத்தில் பிஸ்கட் இருந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டிருந்தால் போதும். கை மேஜைமேல் கொஞ்சம் நகரவும் செய்தது. ஆனால் முதலாளி பிஸ்கட்டைத் தின்ற தலைவன் என்று நாளைக்கு எவனாவது சொல்லிவிட்டால்? கை திரும்பி மடிக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த நினைப்பும் அணைந்துபோயிற்று.

"ஏழு பேரையும் எடுத்துக்கறோம்," என்றார் ஜெகதீஷ். "ஒரு மன்னிப்புக் கடிதம் மட்டும் குடுத்துட்டா..."

கனியின் காதில் மன்னிப்பு என்ற ஒரு சொல்தான் விழுந்தது. எதற்கென்றே தெரியாத ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. எழுந்தார், கால் தள்ளாடியது. "எவண்டா... மன்னிப்பு... எவண்டா கேக்கறது," என்று நாக்குக் குழறக் கத்தினார். டீக் கோப்பையை எடுத்து வீசினார். அது ஜெகதீஷின் நெற்றியில் பட்டு உடைந்தது. ரத்தம் கண்ணில் வழிந்தது.

"குடிச்சிட்டு வந்திருக்கான்யா," என்று யாரோ சொன்னார்கள். யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள். தங்கராஜ் கனியைக் கட்டிப்பிடித்தபடி முகர்ந்து பார்த்தார். வாடை எதுவும் இல்லை. ஆனால் அவருக்கும் வேறொன்றும் தோன்றவில்லை. செக்யூரிட்டிகள் இழுத்துவந்து கேட்டுக்கு வெளியே தள்ளினார்கள். பந்தலில் இருந்த அத்தனை பேரும் பார்க்க, தலைவர் சேற்றில் விழுந்து வலிப்பு வந்தவர்போல் வெட்டிக்கொண்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்துவிட்டார். அவ்வளவு சுலபமான வைத்தியம்தான் அது. ஆனால் அதற்குள் அந்தப் படம் எஸ்டேட் முழுக்கச் சுற்றிவிட்டது. ஐந்து வேளை தொழுகிற மனுஷன், வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை, குடிகாரன் என்று பேர் வாங்கினார். குடியில்லை, சர்க்கரை என்று மஹீரா ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொன்னாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பந்தல் இரண்டே நாளில் காலியாயிற்று. அடிதடி வழக்கு என்று கம்பெனி மிரட்டவும், நடுங்கிப்போன தங்கராஜ் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். எல்லாரும் வேலைக்குத் திரும்பலாம், அந்த ஏழு பேரைத் தவிர. எட்டாவது ஆள் கனி.

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் முனியம்மா பூந்தமல்லி வீட்டுக்கு வந்தாள். கனி அப்போதுதான் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். மஹீரா சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"மெய்யாலுமே சுகர்தானா?" என்றாள் முனியம்மா.

"ஆமாக்கா. அல்லா மேல ஆணையா நான் குடிக்கல."

"குடிச்சிருந்தாகூட போவுதுன்னு உட்டிருப்பேன் பாய். குடிகாரனோட இருவது வருசம் குடும்பம் நடத்துனவ நானு. இப்ப இன்னாடான்னா எங்களுக்காகப் பட்டினி கெடந்தியாம். யாரு உன்ன கெடக்கச் சொன்னது? நான் அகப்பையக் கையில வெச்சிகினு குடி குடின்றேன், நீ பெரிய மனுசனாட்டம் அவனுக்கு நீட்ற. உன் வவுத்துல ஒரு வாய் கஞ்சி கெடந்திருந்தா இன்னிக்கு நான் மெஷின் முன்னாடி நின்னுகினு இருப்பேன்."

ஏழு குடும்பத்துக்கும் ஆயுசு முழுக்கக் கடன்பட்டுவிட்டோம் என்று மட்டும் கனிக்குத் தெரிந்தது.

"நூம்பல் பக்கம் புச்சா கட்டுன ஃபிளாட்ல கூட்டிப் பெருக்க ஆள் கேக்கறாங்களாம். அங்கதான் போய்கினுகீறேன்," என்றாள் முனியம்மா. "சோறு ஆறுது பாரு. துன்னு."

கனி தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வாய் தன்னால் கேட்டுவிட்டது.

"நீ துன்னியாக்கா?"

முனியம்மா அவரைப் பார்த்தாள். கோபம்கூட மிச்சமில்லாத பார்வை அது.

"நீ திருந்தவே மாட்ட பாய்," என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டாள்.

மஹீரா தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். கனி சோற்றைப் பிசைந்தார். அழுகையோடு சேர்த்து விழுங்கினார். ஊசி போட்டாகிவிட்டது, சாப்பிடாமல் எழுந்திருக்க முடியாது.