அறையில் இரண்டாவது ஆள்

ஆய்வக வேலைக்கான தகுதித் தேர்வை மருமகள் வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டிருந்தாள். கண்காணிப்பாளர் அவளுடைய மடிக்கணினிதான். அதன் கேமராவுக்குப் பயந்து குடும்பமே மூச்சைத் தவணை முறையில் விட்டது. மாமியார் மிக்சியைப் போர்வையில் சுற்றிப் பூட்டிவிட்டார். கணவனோ தெருமுனையில் நின்று, ஹாரன் அடிக்காதீர்கள் என்று லாரிகளைக் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

மூன்று எச்சரிக்கை வந்தால் தேர்வு மூடிக்கொள்ளும். வேலை போச்சு. கேள்வியை உதடசைத்துப் படித்ததற்கே முதல் எச்சரிக்கை வந்துவிட்டது. அதிலிருந்து உதட்டைக் கடித்துக்கொண்டே எழுதினாள். எழுத எழுதச் சோர்ந்து, நாற்காலியில் கொஞ்சம் சரிந்தாள்.

திரை சிவந்தது. தேன் தடவிய கத்தி மாதிரி ஒரு பெண்குரல் கணீரென்று எழுந்தது.

“இரண்டாவது எச்சரிக்கை. உங்கள் பின்னால் இன்னொருவர் இருக்கிறார். அவர் கேமரா முன் வந்து கண் சிமிட்டிவிட்டு வெளியேற வேண்டும். தவறினால் தேர்வு முடிக்கப்படும். அறுபது விநாடிகள்.”

பின்னால் இருந்தது சுவர். சுவரில் மாமனாரின் அப்பா, சட்டத்துக்குள் முறுக்கு மீசையோடு. காலண்டர் முதல் கடிகாரம் வரை அறையைத் துடைத்துக் காலி செய்தவர்கள் அவரை மட்டும் இறக்கவில்லை. “பெரியவர் என்ன, பதிலா சொல்லிக் கொடுக்கப் போறார்?” என்றிருந்தார் மாமியார். மருமகள் சரிந்ததில், அவள் தலைக்கு மேல் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டார்.

‘அது போட்டோ!’ என்று கத்தத் தோன்றியது. பேசினால் மூன்றாவது எச்சரிக்கை. திரும்பினாலும் அதேதான். திரையில் விநாடிகள் குறைந்துகொண்டே வந்தன.

கதவுக்கு வெளியே குசுகுசுப்பு.

“யாரைக் கூப்பிடுது?” என்றார் மாமனார்.

“உங்கப்பாவை!”

“அவர் போய் முப்பது வருஷமாச்சேடி!”

“அதுகிட்டப் போய்ச் சொல்லுங்க.”

“போட்டோவைக் கொண்டுபோய்க் காட்டிடவா?”

“கண்ணை யாரு சிமிட்டுவா? அந்த மூஞ்சியும் மீசையும் அப்படியே உங்களுக்குத்தானே இருக்கு. போங்க!”

மாமனார் பூனைபோல உள்ளே வந்தார். படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, மருமகளின் தோளுக்கு மேல் முகத்தை நீட்டினார். பயத்தில் அவர் சிமிட்டியது ஒரு தடவையா? பழுதான டியூப்லைட் கெட்டது போங்கள்! எட்டு, ஏழு, ஆறு…

“இரண்டாம் நபர் உறுதிசெய்யப்பட்டார். வெளியேறலாம். உங்கள் நேர்மைக்கு நன்றி.”

மருமகள் மிச்சக் கேள்விகளை முடித்து அனுப்பினாள். ‘ஏற்கப்பட்டது’ என்று திரை பச்சையானதும் மாமியார் ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

“தப்பிச்சோம் கண்ணு!”

“அத்தை, ஒழுங்கா எழுதினப்போ ரெண்டு தடவை என்னைத் திருடின்னுச்சு. ஏமாத்தினதும் நேர்மைன்னு பாராட்டுது. இதைத் தேர்வு நடத்துறவங்களுக்கு எழுதப் போறேன்.”

“பைத்தியமா? ரிசல்டை நிறுத்திட்டா?”

“நிறுத்தலாம். ஆனா போட்டோ வீட்டுக்கு வீடு இருக்கு. சிமிட்ட மாமா நம்ம வீட்டுலதானே இருக்கார்?”

மாமனாருக்கு வியர்த்தது. “ஏம்மா, என் பேரு அதுல வருமா?”

“வரும் மாமா.”

அவர் மீசையைத் தடவியபடி நின்றார். பிறகு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார்.

“அப்போ இனிஷியலோட போடு.”