பாலத்துக்கு அந்தப் பக்கத்து டாக்டர்

என் தம்பி ராஜ்மோகனுக்குப் பயம் வந்தால் முதலில் கோபம்தான் வரும். அன்று காலை பூவத்திலிருந்து வந்தவன், உட்காருவதற்கு முன்பே, டெஸ்ட் கிஸ்ட் ஒன்றும் வேண்டாம், டெஸ்ட் இல்லாத பாலிசியாகப் போட்டுக் கொடு என்று எரிந்து விழுந்தான். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

காரைக்காலில் ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட் கல்யாணசுந்தரி என்றால் பதினாறு வருடமாக எல்லோருக்கும் தெரியும். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தால் அடுத்த பந்திக்கு நழுவிவிடுவார்கள். இவனும் பத்து வருடம் டிமிக்கி கொடுத்தவன்தான். நாற்பத்து மூன்று வயதில் தானாக வந்து கேட்கிறான் என்றால் சும்மாவா கேட்பான்?

எடுத்துச் சொன்னேன். மருத்துவப் பரிசோதனையோடு போட்டால் பெரிய தொகைக்குப் போடலாம். அவனுக்கு ஏதாவது ஆனால் அவன் மனைவி தாமரைச்செல்வியும் மகள் நிலாவும் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. பரிசோதனை இல்லாமல் என்றால் தொகை பாதிகூட வராது. அது போதும் என்றான். நெல் விலையிலும் சரி, மீன் குழம்பிலும் சரி, போதும் என்று சொல்கிற ஆளே இல்லை அவன்.

பரிசோதனை இல்லாத படிவத்திலும் உடம்பைப் பற்றிய கேள்விகள் உண்டு. ரத்தம் எடுக்காவிட்டால் கேள்வியும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்து வந்திருக்கிறான். நெஞ்சு வலி வந்ததுண்டா, எதற்காவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று வாசித்தேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்று போடச் சொன்னான். முகத்தைப் பார்த்துச் சொல் என்றேன். பார்க்கவில்லை.

நன்றாகத் திட்டிய பிறகு உண்மை வந்தது. மூன்று மாதமாகப் படியேறினால் நெஞ்சை அடைக்கிறதாம். பொறையாரில் ஒரு டாக்டரிடம் காட்டி, இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறான். தாமரைக்குக்கூடச் சொல்லவில்லை. இங்கே இத்தனை டாக்டர் இருக்க அங்கே ஏன் போனாய் என்று கேட்டேன்.

"அது தமிழ்நாடு, அக்கா. நாம பாண்டிச்சேரி. பாலத்தைத் தாண்டி அந்த டாக்டர் சீட்டு இங்க எப்படி வரும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லையில் இருக்கும் நண்டலாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் பெட்ரோல் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை. பிராந்தி பாட்டிலோடு பாலம் தாண்டினால் போலீஸ் பிடிக்கும். பிறந்ததிலிருந்து இதையே பார்த்தவனுக்கு, நோயும் செக்போஸ்ட்டில் நின்றுவிடும் என்று தோன்றியிருக்கிறது. எனக்கும் ஒருமுறை அப்படித் தோன்றியதுண்டு.

மண்டபத்தூர் மீனவர் முத்தையன் விஷயம் ஊருக்கே தெரியும். என்னிடம் பாலிசி போட்ட பத்தாவது மாதம் செத்துப்போனார். கம்பெனி விசாரித்ததில், பாலத்துக்கு அந்தப் பக்கம் தரங்கம்பாடியில் அவர் வைத்தியம் பார்த்தது வெளியே வந்தது. நோயை மறைத்தார் என்று பணம் தர மறுத்துவிட்டார்கள். அவர் மனைவி அமுதம் இப்போது இறால் உரிக்கப் போகிறாள்.

ராஜ்மோகன் முத்தையனைத்தான் பேச்சில் இழுத்தான். "அவரு மாதிரி நான் மாட்டிக்க மாட்டேன். அந்த ஆளு மறைக்கத் தெரியாம மறைச்சாரு."

செத்தவரை என் வீட்டில் உட்கார்ந்து என் தம்பியே பொய்யன் என்கிறான். கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. பேனாவைக் கீழே வைத்தேன்.

"அவரு மறைக்கலடா. சர்க்கரை, கிட்னி, டாக்டர் பேரு, எல்லாத்தையும் எங்கிட்ட சொன்னாரு. இல்லைன்னு எழுதினது நான்."

அவருக்குப் பாலிசி போட்டது ஒரு மாதக் கடைசி. என் மாத இலக்குக்கு ஒரு பாலிசி குறைந்தது. உள்ளதை எழுதினால் பரிசோதனை கேட்பார்கள், இழுத்தடிப்பார்கள். அந்தப் பக்கத்து டாக்டர்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். அவர் வாசித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். என்னை நம்பித்தான் போட்டார். பணம் இல்லை என்று கடிதம் வந்த அன்று, கம்பெனிக்காரனுக்கு ஈவிரக்கமே இல்லை என்று சொல்லி அமுதத்தைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். இதையெல்லாம் தம்பியிடம் வெட்கத்தோடு ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவன் பரிசோதனை இல்லாத படிவத்தைத் தள்ளி வைத்தான். பிறகு பரிசோதனையோடு போடும் படிவத்தைக் கேட்டு வாங்கினான். நான் பேனாவை எடுக்கப் போனேன். அதற்குள் அவனே எடுத்துக்கொண்டான். நெஞ்சு வலிக் கேள்விக்கு ஆம் என்று எழுதினான். மாத்திரையின் பெயரையும் பொறையார் டாக்டரின் பெயரையும் எழுதினான். பிரீமியம் ஏறும், பாலிசியே தரமாட்டோம் என்றும் சொல்லலாம் என்று எச்சரித்தேன்.

"கிடைச்சா அது நிலாவுக்கு நிக்கணும்" என்றான்.

கையெழுத்துப் போட்டதும் எழுந்து போவான் என்றிருந்தேன். அவன் ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தான்.

"நான் எழுதிட்டேன். அமுதம் அக்கா மேல்முறையீடு பண்ணணும்னா உன் வாக்குமூலம் வேணும். நீயும் எழுது."

எழுதினால் ஏஜென்சி போய்விடும். கேஸும் வரலாம். என் வீட்டு உலை அதில்தான் கொதிக்கிறது என்று அவனுக்கும் தெரியும். திட்ட வாயெடுத்தவள், தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

மண்டபத்தூர் முத்தையன் தன் நோய் எதையும் என்னிடம் மறைக்கவில்லை என்று முதல் வரி எழுதினேன். இல்லை என்று எழுதியது யார் என்ற அடுத்த வரியில் என் பெயரை எழுதத்தான் நேரம் பிடித்தது. எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

நாளைக்கு நானே கொண்டுபோய் அமுதத்திடம் கொடுக்கிறேன் என்றேன். ராஜ்மோகன் அதை ஒவ்வொரு வரியாக வாசித்தான். பிறகு மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.