நான்காவது படிக்கட்டு

இந்த நீதிமன்றத்தை வரைந்தவன் என் தம்பி. நீதிபதிகளுக்கு ஒரு வழி, கைதிகளுக்குச் சுவருக்குள்ளேயே ஒரு வழி, பொதுமக்களுக்குத் தெருவிலிருந்து ஏறும் அகலமான வெள்ளைக்கல் படிக்கட்டு. மூன்றும் எங்குமே சந்திக்காது. அதற்கு விருது கொடுத்தார்கள். தலைகால் புரியாமல் ஆடினான்.

நான் இங்கே வக்கீல். கொலை வழக்கில் மாட்டிய ஒரு லாரி டிரைவருக்காக வாதாடினேன். வழக்கு முடியும்வரை அவன் கைதிகள் வழியில் பத்திரமாக வந்துபோனான். செத்தவனின் அண்ணன் படிக்கட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதோடு சரி.

தீர்ப்பு, விடுதலை. போலீஸ்காரர் விலங்கைக் கழற்றினார்.

"சார், இவரைப் பின்வழியா கூட்டிட்டுப் போங்க. கீழே அந்த ஆளு நிக்கிறான்."

"அது கைதிங்க வழி மேடம். இவர்தான் இப்ப கைதி இல்லையே."

தண்டனை பெற்றவனுக்கு வழி உண்டு, விடுதலையானவனுக்குக் கிடையாது. என் அறிவாளித் தம்பிக்கு இது தோன்றவே இல்லை.

டிரைவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். "வீட்டுக்குப் போனதும் நல்லா தூங்கணும்கா" என்றான் என்னிடம். பாதிப் படியில் செத்தவனின் அண்ணன்காரன் கத்தியோடு பாய்ந்தான். விலாவில் ஒரு குத்து, கழுத்தில் ஒன்று. அவள் இரண்டு கைகளாலும் கழுத்தைப் பொத்தினாள். விரல் இடுக்குகளில் ரத்தம் பீறிட்டது. அத்தனை கூட்டத்தில் ஒருவர்கூட அசையவில்லை.

ரத்தம் காயாத கோட்டோடு தம்பி வீட்டுக்குப் போய், அவன் விருதைச் சுவரில் அடித்து உடைத்தேன்.

"உள்ள வர மூணு வழி வச்சியே, உயிரோட வெளிய போக ஒண்ணு வச்சியாடா?"

அவன் அழுதான். பிறகு அரசாங்கத்தோடு மல்லுக்கட்டி, விடுதலையாகிறவர்களுக்கென்று பின்சுவரில் ஒரு இரும்புப் படிக்கட்டு கட்டினான். கட்டிடத்தின் அழகே போய்விட்டது என்று பத்திரிகைகள் அவனைக் கிழித்தன.

அண்ணன்காரன் வழக்கும் இங்கேதான் நடந்தது. பார்த்த அத்தனை பேரும் சாட்சிக்கூண்டில் பல்டி அடித்தார்கள். டிரைவரின் மனைவியும், அவனுடைய வக்கீலான நானும் சொன்னது எடுபடவில்லை. அவனும் விடுதலை.

வெளியே வந்தேன். வெள்ளைப் படிக்கட்டின் பாதியில், அதே இடத்தில், டிரைவரின் மனைவி நின்றிருந்தாள். வலது கை பைக்குள் இருந்தது. பையைத் தொட்டுப் பார்த்தேன். கத்தி.

"எங்கக்கா, இன்னும் காணோம்?"

"பின்பக்கமா எறங்கிப் போயிட்டாம்மா."

"அங்க ஏதுக்கா வழி?"

"உன் புருஷனுக்காகக் கட்டினது" என்றேன்.