ஹெர்மியாஸ்களின் பசி

அர்காசா ஊரில் கிறிஸ்தவ ஆயர் ஹெர்மியாஸ் நோன்பிருந்தபோதெல்லாம் தத்துவ ஆசிரியர் ஹெர்மியாஸ் இளைத்தார். ஆசிரியர் உண்டது ஆயரின் உடம்பில் ஒட்டியது, ஆயர் உண்டது ஆசிரியரின் உடம்பில். பெயர் ஒன்றுதானே என்று ஊரார் இதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆயர் புதனும் வெள்ளியும் பட்டினி கிடக்க, ஆசிரியரின் மனைவி தமலிஸ் கணவரின் அங்கியைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ஆசிரியர் திருமண விருந்துக்குப் போய்வந்த வாரங்களில் சபையார் ஆயரின் தொந்தியைப் பார்த்து முகம் சுளித்தார்கள். இறந்தவர் உடலோடு எழுவாரா என்று இருவரும் பல வருடங்களாகச் சந்தையில் வழக்காடினார்கள். ஒருவரும் தோற்கவில்லை.

பேரரசரின் சிலைக்குச் சாம்பிராணி போட மறுத்த ஆயரை ஆளுநர் சிறையில் தள்ளினார். பணியும்வரை ரொட்டித் துண்டுகூடக் கூடாது என்றார். ஆயர் கொழுகொழுவென்று இருந்தார். ஆசிரியர் எலும்பும் தோலுமானார். ஆனாலும் தமலிஸ் வைத்த பருப்புக் கூழை மிச்சமில்லாமல் உண்டார்.

"ஒரு வாய்கூட உங்க உடம்புல ஒட்டலையே. எதுக்குத் தின்னுறீங்க?"

"நான் நிறுத்தினா அங்க அவன் செத்துருவான். அப்புறம் நான் யாரோட சண்டை போடுறது?"

தமலிஸ் ரொட்டியோடு சிறைக்கு ஓடினாள். காவலன் வழிவிடவில்லை.

"அந்த ஆளு ஏற்கெனவே கதவுல நுழைய மாட்டாரும்மா. இதையும் குடுத்தா சுவத்தை இடிக்கணும்."

அங்கிருந்து அவள் நேரே கிறிஸ்தவர்கள் கூடும் வீட்டுக்குப் போனாள். பாஸ்கா என்னும் உயிர்ப்புத் திருநாளன்று திருமுழுக்குப் பெற இருந்தவர்கள், தாங்கள் சூடப்போகும் பெயரைத் திருத்தொண்டர் சோதிகோஸிடம் கொடுத்துக்கொண்டிருந்த வாரம் அது. எல்லாரும் ஹெர்மியாஸ் என்றே பெயர் கொடுக்கும்படி கேட்டாள். எல்லார் சாப்பாடும் கலந்தால் தன் கணவருக்கும் ஒரு பங்கு வரும் என்றாள். சோதிகோஸ் தயங்கினார்.

"அவர் நம்ம சபை இல்லையேம்மா."

"உங்க ஆயருக்கு இத்தனை நாளா சோறு போடுறது எந்தச் சபை?"

கம்பளி சீவும் ஒருவன் எழுந்து ஹெர்மியாஸ் என்று பெயர் கொடுத்தான். பிறகு மருத்துவச்சி, பிறகு கழுதைக்காரர்கள். பெண்களும் அதே பெயரைத்தான் கொடுத்தார்கள். செய்தி கேட்டு, ஆசிரியரின் மாணவர்களும் வந்து, திருமுழுக்கு வேண்டாம் என்று பெயரை மட்டும் வாங்கிப்போனார்கள். கடைசியில் தமலிஸும் ஹெர்மியாஸ் ஆனாள். பாஸ்கா விருந்தில் ரொட்டியைப் பிட்டபோது ஆசிரியரின் கன்னத்தில் இரத்தம் ஏறியது. ஊர் முழுக்க இடைவார்களை ஒரு துளை இறுக்கிக்கொண்டார்கள்.

அடுத்து வந்த ஆளுநர், பட்டினியில் இளைக்காத கைதியைக் காவல் காக்க அலுத்துப்போய் ஆயரை விட்டுவிட்டார். அவர் நேரே சந்தைக்கு நடந்து, ஆசிரியரிடம் விட்ட இடத்திலிருந்து வழக்கைத் தொடர்ந்தார்.

அர்காசாவில் இன்றும் வழியில் பார்ப்பவர்கள், "நாம சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள்.