கோலாலம்பூருக்கு ஒரு மணிக்கூட்டுக் கோபுரம்

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை பொழுதுபடுகிற நேரம், வட்டுக்கோட்டைப் பஞ்சலிங்கத்தார் யாழ்ப்பாணப் பட்டணத்து நடுத்தெருவில் குப்புறப் படுத்திருந்தார். மலாயாவில் றெயில்வே கிளாக்கராயிருந்து பென்சன் எடுத்து வந்தவர். பட்டுக்கரை வேட்டி, குளோஸ் கோட்டு, சால்வை, எல்லாத்தோடும்தான் படுத்திருந்தார். மூக்குக்கு முன்னால் ஒரு சவர்க்காரப் பெட்டி, பெட்டிமேல் கமரா, கமராவுக்கு முன்னால் மணிக்கூட்டுக் கோபுரம். அவருடைய குடையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்ற மனைவி சிவக்கொழுந்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

எல்லாம் நீக்கிலாப்பிள்ளையால் வந்த வினை. கோலாலம்பூரில் பஞ்சலிங்கத்தாரோடு ஒரே கந்தோரில் வேலை பார்த்த கூட்டாளி அவர். அங்கத்தைய றெயில்வே ஸ்டேசனை அந்திப்பொழுதில், கும்மட்டங்களும் வெளிச்சமுமாகப் படம் எடுத்து அனுப்பி, பின்பக்கத்தில், "உம்மடை ஊரிலை உப்பிடி ஒண்டு கிடக்கோ காணும்?" என்று எழுதியிருந்தார். போதாததற்கு, ஒரு றப்பர்த் தோட்டக் கந்தோரில் பஞ்சலிங்கத்தாருக்குத் திரும்பவும் வேலை பார்த்து வைத்திருக்கிறாராம். வந்து ஆறு மாதம் ஆகவில்லை, மனிதர் துள்ளிக் குதித்தார். அடுத்த மாதம் கப்பல்.

கல்யாணம் முடித்த நாளிலிருந்து சிவக்கொழுந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ. லீவில் வந்து போகும்போதெல்லாம் அவரிடம் ஒரு சாட்டு இருந்தது. பிள்ளை சின்னன், அம்மாவுக்குச் சுகமில்லை, அங்கே ஒரே மழை. இப்போது பிள்ளை தெல்லிப்பழையில் குடியும் குடித்தனமுமாக இருக்கிறாள், மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். சாட்டு ஒன்றும் மிஞ்சவில்லை என்று கண்ட மனிதர், சாட்டே சொல்லாமல் ஒற்றை டிக்கெட்டுக்குச் சொல்லிவைத்துவிட்டு வந்தார். கோபத்தில் அவள் மூன்று நாள் உப்பில்லாமல் கறி வைத்தாள். அதையும் ருசித்துச் சாப்பிட்டவரை என்ன செய்ய?

போகிற கையோடு நீக்கிலாப்பிள்ளையின் மூக்கை உடைக்க ஒரு படம் வேண்டும். கோபுரம் வானத்தை முட்டுகிற மாதிரித் தெரிய வேண்டும் என்றால் நிலத்தோடு படுத்து எடுக்க வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதுதான் இந்தச் சயனம்.

முதல்தரம் கமராவின் கண்ணைத் திறந்ததும் சோடாக்காரக் கந்தப்பு ஓடி வந்தான்.

"ஐயோ, ஐயா விழுந்து போனார்! பிடியுங்கோ, பிடியுங்கோ!"

நாலு பேர் சேர்ந்து பஞ்சலிங்கத்தாரைத் தூக்கி நிறுத்தினார்கள். கந்தப்பு ஒரு சோடாவை உடைத்து அவர் முகத்தில் பாதியை அடித்து, மீதியை வாயில் ஊற்றினான்.

"விடடா என்னை! நான் படம் எடுக்கிறன்!" என்று அவர் கத்தினார்.

"படுத்துக்கொண்டோ?"

அவன் கேட்டதிலும் பிழையில்லை.

இரண்டாந்தரம் இன்னும் மோசமாய்ப் போயிற்று. மங்கல் வெளிச்சத்தில் கமராவின் கண் கனநேரம் திறந்திருக்க வேண்டும். கைமணிக்கூட்டைப் பார்க்க இருட்டு விடவில்லை. ஆகவே ஒரு தேவாரம் பாடி முடிகிற நேரம் என்று கணக்கு வைத்து, மெல்லப் பாடத் தொடங்கினார். வயதான மனிதர், தெருவில் விழுந்து கிடக்கிறார், வாயில் தேவாரம், பக்கத்தில் பெண்சாதி. பார்க்கிற சனம் என்ன நினைக்கும்? கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த கிழவி ஒருத்தி, "அந்திய காலத்திலையும் சிவனை மறக்கேல்லை, புண்ணியவான்," என்று மூக்கைச் சிந்தி, தானும் சேர்ந்து பாடினாள். இன்னொருத்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "காலை நான் பிடிக்கிறன், தலையை ஆரும் பிடியுங்கோ," என்றார். தூக்கிய வேகத்தில் பஞ்சலிங்கத்தாரின் ஒற்றைச் செருப்பு போன இடம் தெரியவில்லை.

"அட கோதாரி விழுவாரே! நான் இன்னும் சாகேல்லை!"

சனம் இன்னும் கூடிற்று. புதினம் பார்க்க நம்மவர்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? கச்சேரிக் கந்தோர் முடிந்து வந்த கிளாக்கர்மார், சைக்கிள்காரர்கள், மீன்கூடைக்காரிகள் எல்லாரும் கோபுரத்தடியில் நின்று வாய் பார்த்தார்கள். மேற்கே கோட்டைக்கு மேல் செம்மை மங்கிக்கொண்டு போனது. பஞ்சலிங்கத்தாருக்கு அழுகை வராத குறை.

"இஞ்சை பார், சிவக்கொழுந்து. போய் உவையளை நடக்கச் சொல்லு. ஒருத்தரையும் நிக்க விடாதை. நடக்கிற ஆக்கள் படத்திலை விழமாட்டினம், புகை மாதிரிப் போயிடுவினம். நிக்கிறவைதான் விழுவினம். விளங்குதோ?"

"ஓம், விளங்குது."

நன்றாகவே விளங்கியது. குடையை அவர் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனாள்.

"அவருக்கு ஒண்டுமில்லை, படம் எடுக்கிறார்! நில்லாமல் நடவுங்கோ! அண்ணை, சைக்கிளை எடுங்கோ. எணை ஆச்சி, தேவாரம் காணும், கோயிலுக்கு நேரமாகுது!"

வட்டுக்கோட்டையில் வயலில் ஆள் வைத்து வேலை வாங்கிய குரல் அது. சனம் மறுபேச்சில்லாமல் நடந்தது. பஞ்சலிங்கத்தார் மூன்றாந்தரம் படுத்து, கமராவின் கண்ணைத் திறந்து, கணக்குத் தப்பாமலிருக்கத் தன் கண்ணை மூடிக்கொண்டு தேவாரத்தைப் பிடித்தார்.

சிவக்கொழுந்து அவரைப் பார்த்தாள். கோபுரத்தைப் பார்த்தாள். என்னைக் கூட்டிக்கொண்டு போகாட்டால் போகட்டும், என்ரை முகமாவது கப்பல் ஏறட்டும் என்று நினைத்தாள். தெருவின் நட்டநடுவில், கோபுரத்துக்கு நேர் முன்னால் போய், முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, கமராவை நேராகப் பார்த்து நின்றாள். சனம் இரண்டு பக்கத்தாலும் போய்க்கொண்டிருந்தது. தேவாரம் முடியும்வரை அவள் இமைகூட வெட்டவில்லை.

அடுத்த கிழமை பெரியகடைத் தெருவில் சீவரத்தினத்தின் படக்கடைக்கு இருவரும் போனார்கள். சீவரத்தினம் படத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான்.

"ஐயா, நான் இத்தனை வருசத்திலை இப்பிடி ஒரு படம் கழுவேல்லை."

உண்மைதான். கோபுரம் வானத்தை முட்டிக்கொண்டு நின்றது. அடியில் அவ்வளவு சனத்தில் ஒருவரும் இல்லை, புகைபோல லேசான புகார் மட்டும். அந்தப் புகாருக்கு நடுவில் ஒரே ஒரு மனுசி, கன்னத்து மச்சம் தெரிகிற அளவுக்குத் தெளிவாக.

பஞ்சலிங்கத்தாரின் முகம் கறுத்தது. "நான் கோபுரத்தையெல்லோ எடுத்தனான்! கெடுத்துப்போட்டாய்! பறவாயில்லை, இண்டைக்குப் பின்னேரம் இன்னொண்டு எடுக்கிறன்."

"எடுங்கோ. நான் பேந்தும் வந்து நிப்பன்."

அவர் படத்தைத் திரும்பப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இத்தனை வருசத்தில் பெண்சாதியை இவ்வளவு நேரம் அவர் பார்த்ததே இல்லை.

"உதை எப்பிடிக் கொண்டுபோய்க் காட்டுறது? உது ஆர் எண்டு நீக்கிலாப்பிள்ளை கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?"

"நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம்," என்றாள் சிவக்கொழுந்து. "நானே நேரிலை வந்து சொல்லுறன்."

சொன்னவள் உள்ளே போய், படம் எடுக்கிற கதிரையில் ஏறி இருந்தாள்.

"தம்பி, பாஸ்போட்டுக்கு ஒரு படம் எடும்."

சீவரத்தினம் பஞ்சலிங்கத்தாரைப் பார்த்தான். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பிழைக்கத் தெரிந்தவன், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான்.

"அசையாதையுங்கோ, அக்கா."

பஞ்சலிங்கத்தார் வாசலில் நின்று நெற்றியைத் தேய்த்தார். கடைசியில் ஒரு சாட்டு அகப்பட்டது.

"அப்ப வீட்டிலை மாட்டை ஆர் பாக்கிறது?"

அசையக்கூடாது என்று சொல்லியிருந்தபடியால் சிவக்கொழுந்து வாயைத் திறக்கவில்லை. அவர் காத்து நின்றார். சீவரத்தினம் துணிக்குள்ளிருந்து வெளியே வருகிறபாடாயில்லை. கடைசியில் பஞ்சலிங்கத்தார்தான் தொண்டையைச் செருமினார்.

"மகளிட்டை விட்டிட்டுப் போவம்."